சந்திரலேகாவும் சூட்டு முள்ளும்

சந்திரலேகா வண்டி ஓட்டும்போது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவாள். வெறுங்காலால் மிதித்தால்தான் வண்டி என்ன சொல்கிறது என்று தெரியுமாம். எனக்கு இந்த மாதிரிப் பேச்சே பிடிக்காது. வண்டி என்ன சொல்லும்? டீசல் போடு என்று சொல்லும், வேறென்ன சொல்லும்? ஆனாலும் பல வருஷமாக அவள் காரில்தான் போய்வருகிறேன். காரைக்காலில் வேறு கார் கிடைக்காமல் இல்லை. மற்ற டிரைவர்கள் நான் வாயைத் திறந்தால் பாட்டுப் போட்டுவிடுகிறார்கள். இவள் பதிலுக்குப் பதில் பேசுவாள்.

என் பெயர் ஜோசெஃபின். ஆனால் தெருவில் எல்லாருக்கும் நான் மதாம். என் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் கண்ணை மூடிய பிறகு ஆஸ்பத்திரிக்கு, பாண்டிச்சேரிக்கு, மாதா கோயிலுக்கு என்று எங்கே போனாலும் எனக்குச் சந்திரலேகாதான் துணை.

அவளுக்குக் கோட்டுச்சேரி. அந்தக் கார் முதலில் அவள் புருஷன் ஜெயபிரகாஷ் ஓட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஒரு பிள்ளை குறுக்கே ஓட, அவன் வண்டியை வாய்க்காலுக்குள் விட்டான். பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை, அவனுக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டால் மனுஷனுக்கு இரண்டு கையும் நடுங்கும். கார் வீட்டுப் பின்புறம் தார்ப்பாய் போட்டு நின்றது. பின் சீட்டில் கோழி அடைகாத்தது. அந்தக் கோழிக்குஞ்சுகள் வெளியே வந்த மறுவாரம் சந்திரலேகா காரைக் கழுவித் துடைத்து, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸ் வாங்கிவிட்டாள். "பொம்பள ஓட்டுற வண்டியில ஏறினா நேரா மேலோகம்தான்" என்று ஊரில் சிரித்தவர்கள் உண்டு. அவர்களே பிறகு மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக அவளைத்தான் கூப்பிட்டார்கள். ராத்திரியில் பொம்பளைப் பிள்ளையை நம்பி ஏற்றிவிடலாம் இல்லையா? ஜெயபிரகாஷ் இப்போது வயலைப் பார்த்துக்கொள்கிறான். அவள் காரைப் பார்த்துக்கொள்கிறாள். இரண்டு பேருக்கும் சண்டை வந்தால் அது வண்டியைப் பற்றித்தான் வரும்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், போன பங்குனியில் ஒரு பகல் முழுக்க நான் அவள் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து செத்துப் பிழைத்தேன். அந்த ஒரு பகலில்தான் அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரிந்தது.

ஆஸியா பீவி என் பக்கத்து வீட்டுக்காரி. எங்களுக்கு நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவருக்கு மேலாக எங்களுக்குள் போகாத கிண்ணம் இல்லை, போடாத சண்டையும் இல்லை. அன்றைக்கு முந்தின நாள் அந்தி நேர மஃரிப் தொழுதுவிட்டு எழுந்தவள், அப்படியே பாயில் சாய்ந்துவிட்டாள். டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நான் அந்தப் பாயின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவளுக்கு ஒரே மகள், அஃப்ரா. மஸ்கட்டில் நர்ஸ். செய்தி சொன்னதும் அந்தப் பெண் போனில் அழவில்லை. "மாமி, நான் வர்ற வரைக்கும் உம்மாவ எடுக்க வேண்டாம்னு மாமுகிட்ட சொல்லுங்க" என்றாள், அவ்வளவுதான். ராத்திரி விமானத்தைப் பிடித்துத் திருச்சிக்கு வருகிறேன் என்றாள்.

மாமு என்றால் ஆஸியா பீவியின் தம்பி, முகம்மது இப்ராஹிம். நல்ல மனிதர். ஆனால் அவர் கையும் கட்டப்பட்டிருந்தது. ஆஸியா பீவி உயிரோடு இருக்கும்போதே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், என் காதாலேயே கேட்டிருக்கிறேன்: "என்னைய ஐஸ் பெட்டியில வெச்சிடாதீங்க. எனக்குக் குளிர் ஆவாது. சட்டுனு எடுத்துருங்க." அது அவளுடைய வசியத்து, சாகும் முன்னே சொல்லிவைத்த ஆசை. அதை எப்படி மீறுவது? பங்குனி வெயிலில் எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியும்? ஜமாத்துப் பெரியவர்கள் கலந்து பேசி, சாயங்கால அசர் தொழுகை வரைக்கும் பார்ப்போம், தொழுகை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

மகனாக இருந்தால் பிந்தி வந்தாலும் பரவாயில்லை. கபுறுஸ்தானுக்கு ஓடிப்போய் ஒரு பிடி மண்ணாவது போடுவான். எங்கள் தெருவில் பெண்கள் அங்கே போகும் வழக்கம் இல்லை. உடலைத் தூக்கிப்போகும் சந்தூக்கு வாசலைத் தாண்டிவிட்டால் மகளுக்கு அதோடு சரி. தாய் முகத்தை அசருக்குள் வந்து பார்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

வீட்டுப் பெண்கள் எல்லாரும் மையத்து வேலையில், அடக்கத்துக்கான ஏற்பாட்டில் இருந்தார்கள். "பொண்ணக் கூட்டிட்டு வர நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, விடியும் முன்னே சந்திரலேகாவுக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும், "இதோ கெளம்பிட்டேங்க மதாம்" என்றாள். முகம்கூடச் சரியாகக் கழுவியிருக்க மாட்டாள். அவள் வந்து நின்றபோது தலைமுடியில் என்னவோ தூசியும் துரும்பும் ஒட்டியிருந்தது. "என்னாடி இது, வைக்கோல் போருல படுத்திருந்தியா?" என்று கேட்டேன். "ராத்திரி வரைக்கும் வயல் வேலைங்க மதாம்" என்று தட்டிவிட்டுக்கொண்டாள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலையில் இருட்டோடு போகும்போது வண்டி நன்றாகத்தான் ஓடியது. குளிர்ந்த நேரம், காலி ரோடு. விமானம்தான் காலை வாரியது. விடிந்ததும் இறங்க வேண்டியது, வெயில் சுள்ளென்று ஏறிய பிறகு இறங்கியது. அஃப்ரா கறுப்பு அபாயாவில், கையில் ஒரு சின்னப் பையோடு வெளியே ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் வார்த்தை, "எடுத்துட்டாங்களா மாமி?"

"இல்லம்மா. அசர் வரைக்கும் நேரம் இருக்கு. ஏறு."

நேரம் இருக்கத்தான் இருந்தது. வழக்கம்போல வந்திருந்தால் மதிய லுஹர் தொழுகை முடிந்து ஊர் சாப்பிட்டு எழும் நேரத்துக்கு நாங்கள் தெருவில் நுழைந்திருப்போம். தஞ்சாவூரைத் தாண்டினோம். அஃப்ரா முன் சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் பின்னால் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தேன். அப்போதுதான் சந்திரலேகா ஏசியைச் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏன்டி நிறுத்துற? வெந்து சாவுறோம்."

"வண்டி சூடாவுதுங்க மதாம்."

எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால், எப்போதும் பாதியில் நிற்கிற சின்ன முள் பாதியைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஒரு சிவப்புக் கோடு. இந்த முள் அந்தக் கோட்டைத் தொட்டால் இன்ஜின் போய்விடும் என்று சந்திரலேகா முன்பே ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு டீக்கடை நிழலில் நிறுத்தி, பானட்டைத் திறந்தாள். உள்ளேயிருந்து அனல் அடித்தது. நான் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். "கிட்ட வராதீங்க மதாம்!" என்று ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், நான் அப்படியே நின்றுவிட்டேன். "மூடியத் தொறந்தா கொதிக்கிற தண்ணி மூஞ்சில அடிக்கும். ஆறட்டும்."

ஆறட்டும் என்றால் நேரம் வேண்டாமா? அன்றைக்கு எங்களிடம் இல்லாத ஒரே பொருள் அதுதான். அவசரத்துக்கு அண்டாவில்கூடக் கை நுழையாது என்பார்கள். அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு காத்திருந்தாள். குனிந்து வண்டிக்குக் கீழே பார்த்தாள். ஒழுகல் இல்லை. தண்ணீர் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. மெதுவாக மூடியைத் திறந்து ஊற்றினாள். "சரியாப் போயிடும்" என்று கிளம்பினாள். சரியாகப் போகவில்லை. கொஞ்ச தூரம் போவதற்குள் முள் மறுபடி ஏறியது.

அப்போது அவள் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வியர்க்கிறது. நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, காருக்குள் ஹீட்டரைப் போட்டாள். பங்குனி மதியத்தில் ஹீட்டர்! நெருப்புக் காற்று முகத்தில் அடித்தது.

"உனக்குப் புத்தி பெரண்டு போச்சா?"

"இன்ஜின் சூட்ட நம்ம பக்கம் இழுத்துக்கிறேங்க மதாம். நம்ம தாங்கிக்கலாம், அதால தாங்க முடியாது."

அஃப்ரா முக்காட்டுக்குள் வியர்வை ஒழுக, அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. இப்ராஹிம். "மதாம், எங்க வர்றீங்க? குளிப்பாட்டி முடிச்சாச்சு."

"வந்துகிட்டே இருக்கோம் தம்பி" என்றேன். வேறு என்ன சொல்ல?

வேறு கார் பார்க்கலாம் என்று நான் சொல்வதற்கு முன்பே சந்திரலேகா திருவாரூர், மன்னார்குடி, கும்பகோணம் என்று தெரிந்த டிரைவர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டாள். அன்றைக்குப் பெரிய முகூர்த்தம். இருக்கிற வண்டியெல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தது. பஸ்ஸில் ஏறினால் இரண்டு இடத்தில் மாற வேண்டும், அசருக்குள் கனவிலும் வர முடியாது.

கொரடாச்சேரி வருவதற்குள் முள் சிவப்புக்கு ஒரு நூல் கீழே இருந்தது. ரோட்டோரம் ஒரு பஞ்சர் கடை, அதை ஒட்டி ஒரு ஒர்க்‌ஷாப். அங்கே ஒதுக்கி நிறுத்தினாள். ஒர்க்‌ஷாப்காரர் வந்து பார்த்தார். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்மா. இன்ஜினப் பிரிக்கணும். வண்டிய வுட்டுட்டுப் போங்க."

அதைக் கேட்டதும் அஃப்ரா முகம் வெளுத்துவிட்டது. சந்திரலேகா முகமும் வெளுத்தது. நான் பார்த்தேன், அவள் கை நடுங்கியது. புருஷனுக்கு நடுங்குமே, அதே நடுக்கம். அந்தக் கையாலேயே போனை எடுத்து ஜெயபிரகாஷைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். ஸ்டியரிங்கைத் தொட்டால் நடுங்குகிற மனுஷனுக்குப் போனில் வண்டி வைத்தியம் சொல்லும்போது குரல் நடுங்குவதில்லை.

"ஆயில் குச்சிய இழுத்துப் பாரு. பால் கலந்த மாதிரி இருக்கா?"

"இல்லீங்க. சுத்தமா இருக்கு."

"பின்னால வெள்ளப் பொகை?"

"இல்ல."

"அப்ப கேஸ்கெட் இல்ல. மேல் ஹோஸத் தொட்டுப் பாரு, கீழ் ஹோஸத் தொட்டுப் பாரு."

துணியை வைத்துத் தொட்டாள். "ரெண்டும் கொதிக்குது."

"அப்ப தண்ணி நல்லாத்தான் ஓடுது. ஃபேன் சுத்துதா?"

"காது கிழியச் சுத்துது."

"அப்ப என்னான்னு எனக்குத் தெரியல லேகா" என்றான். அதைக் கேட்டு அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்ஜினையே பார்த்தபடி நின்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆஸியா பீவி மேலும் கோபம்தான். இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போவாளா ஒருத்தி? என் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சொட்டச் சொட்ட நனைந்துபோன கைத்துண்டை, காயட்டும் என்று காரின் முன்பக்கக் கம்பிச் சல்லடை மேல் போட்டேன். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே ஃபேன் ஊரைக் கூட்டிக்கொண்டு சுற்றியது. துண்டு அசையவில்லை. நனைந்தது நனைந்தபடி தொங்கி, வழுக்கிக் கீழே விழுந்தது.

"நல்ல ஃபேனுடி ஒன் ஃபேனு! எங்க வீட்டு மாப்பிள்ளைங்க மாதிரி வெறும் சத்தம். ஒரு கைத்துண்டக்கூட அசைக்கக் காணோம், இதுல காத்து வருதாம் காத்து!"

சந்திரலேகா திரும்பிப் பார்த்தாள். என்னை இல்லை, கீழே கிடந்த துண்டை. குனிந்து எடுத்து மறுபடி அந்தச் சல்லடை மேல் வைத்து, கையை எடுத்தாள். விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது.

"மதாம்" என்றாள், "ஃபேன் சுத்துனா இத இழுத்து ஒட்ட வெச்சிக்கணுங்க. அது முன்னாலேருந்துதான் காத்த இழுக்கும். இழுக்கல. நடுவுல என்னமோ அடைச்சிருக்கு."

உடனே வண்டியை அணைத்தாள். டிக்கியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து, முன்னால் மேலே இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினாள். ஏசிக்கு ஒரு சல்லடை முன்னால், ரேடியேட்டர் அதற்குப் பின்னால், இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது. அஃப்ரா தன் போன் விளக்கை அடித்து அந்தச் சந்துக்குள் காட்டினாள். மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். பழுப்பும் கறுப்புமாக, மெத்தை அடைத்ததுபோல அடியிலிருந்து மேல்வரை என்னவோ நிரம்பியிருந்தது. சந்திரலேகா இரண்டு விரலை விட்டுக் கொஞ்சம் பிடுங்கி எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினாள். காய்ந்த தோலும் சருகுமான பொட்டு பறந்துபோய்க் கையில் ஒரே ஒரு மணி நின்றது. உளுந்து.

அவள் பளாரென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நம்ம உளுந்துங்க மதாம். எங்க வீட்டு உளுந்து!"

எங்கள் பக்கத்தில் மாசி, பங்குனி என்றால் ரோடுதான் களம். உளுந்துச் செடியைப் பிடுங்கித் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ், லாரி எல்லாம் அதன்மேல் ஏறி ஏறி மிதித்து மணியை உதிர்த்துக் கொடுக்கும். எல்லாரும் செய்வதுதான். முந்தின நாள் சாயங்காலம் கோட்டுச்சேரியில் இவர்கள் பரப்பிய ரோட்டில் வண்டிப் போக்குவரத்து இல்லை. பனி இறங்குவதற்குள் அள்ள வேண்டும் என்று மாமியார் அஞ்சுகம் புலம்ப, சொந்தக் காரில் ஏறி முன்னாலும் பின்னாலுமாக இருட்டும் வரை ஓட்டி, மொத்த உளுந்தையும் இவளே மிதித்திருக்கிறாள். ஃபேன் இழுத்த இழுப்பில் பொட்டெல்லாம் அந்தச் சந்துக்குள் போய் அடைந்துகொண்டது. சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "ஒரு ஆழாக்கு உளுந்துக்காக ஒரு பொண்ணுக்குத் தாய் மொகத்த இல்லாமப் பண்ணப் பாத்தியேடி!" என்றேன். எப்போதும் பதில் பேசுகிறவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கண்ணிலிருந்து மளமளவென்று கொட்டியது. அப்போது அஃப்ரா என் கையைப் பிடித்தாள்.

"மாமி, திட்டுறத ஊர்ல போய் வெச்சிக்கலாம். அக்கா, இத எப்படி எடுக்கிறது? அதச் சொல்லுங்க."

அந்த ஒரு வார்த்தை போதும். சந்திரலேகா மூக்கைத் துடைத்துக்கொண்டு பஞ்சர் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் காற்றடிக்கிற குழாயை நீட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ஒர்க்‌ஷாப்காரரும் வந்து, "அட, இதுவா? கொஞ்சம் தள்ளி வெச்சு அடிங்க, சல்லடை மடங்கிடப் போவுது" என்று பக்கத்தில் நின்று வெளிச்சம் காட்டினார். சந்திரலேகா இன்ஜின் பக்கம் இருந்து முன்பக்கமாகக் காற்றை விட்டாள். புஸ்ஸென்று ஒரு புழுதிப் புகை. பொட்டு பறந்து எங்கள் மூன்று பேர் முகத்திலும் தலையிலும் அப்பியது. எங்கள் காலடியில் தாரில் உளுந்து சலசலவென்று கொட்டியது. காற்றுக்கு அசையாததை அவள் கம்பியை வளைத்துத் தோண்டினாள். அஃப்ரா அபாயாக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, சுடச்சுட அந்தச் சந்துக்குள் கையை விட்டு வாரி வாரி எடுத்தாள். நர்ஸ் கை. விரல் மெலிசு, உள்ளே போகும். மேலெல்லாம் உளுந்துப் பொட்டு. அவள் அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

மறுபடி போன். "மதாம், அசருக்குப் பாங்கு சொல்லப் போறாங்க."

"தம்பி, தம்பி, கொஞ்சம் பொறுங்க. இதோ கெளம்பிட்டோம்."

"நான் பொறுக்கிறேன் மதாம். எல்லாரையும் எப்படிப் பொறுக்கச் சொல்றது? அவுங்க வசியத்துதானே?" என்றார் இப்ராஹிம்.

தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்தாள். என் கைத்துண்டைச் சல்லடை மேல் வைத்துப் பார்த்தாள். சப்பென்று ஒட்டிக்கொண்டது! மாதாவே என்று கத்திவிட்டேன். பஞ்சர் கடைக்காரர் கைதட்டினார். திருவாரூரைத் தாண்டி, நன்னிலம் தாண்டிப் பறந்தோம். முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பாதிக்கு வந்தது. ஹீட்டரை அணைத்தாள். வெளிக்காற்று உள்ளே வந்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. ஆனாலும் எங்களில் ஒருத்தியும் அந்த முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அம்பகரத்தூரை நெருங்கும்போது சந்திரலேகா பிரேக்கை ஒரு மிதி மிதித்தாள். என் தலை முன் சீட்டில் இடித்தது. எதிரே ரோடு முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை உளுந்துச் செடி. பரப்பிவிட்டு, ஒரு குடும்பமே ஓரமாக நின்று சிரித்துக்கொண்டு கையை ஆட்டியது: "வாங்க வாங்க, ஏத்துங்க, சும்மா ஏத்துங்க!"

வேறு நாளாக இருந்தால் அவளும் சிரித்துக்கொண்டு ஏற்றியிருப்பாள். அன்றைக்கு வெறுங்காலோடு இறங்கி, கொதிக்கிற தாரில் ஓடினாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணே, நானும் உளுந்து போடுறவதான். இது மேல ஏத்துனா என் வண்டி மறுபடி நின்னுடும். வண்டியில இருக்கிற பொண்ணோட அம்மாவ எடுக்கப் போறாங்க. ஒரு வண்டி போற வழி மட்டும் வுடுங்கண்ணே!"

அந்தக் குடும்பத்தில் ஒருவரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. கவைக்கோலால் தள்ளினார்கள். பெண்கள் கையாலேயே வாரிக் கட்டிப்பிடித்து ஓரத்தில் போட்டார்கள். சந்திரலேகாவும் ஒரு கவைக்கோலைப் பிடுங்கித் தள்ளினாள். ஒரு காரின் அகலத்துக்குக் கறுப்பாகத் தார் தெரிந்தது. ஒரு பெரியம்மா கிடைத்த விளக்குமாற்றால் கடைசிப் பொட்டுவரை பெருக்கிவிட்டு, "போ சாமி, போ போ" என்றார். அந்த வழியில் நாங்கள் மெதுவாகப் போனபோது அஃப்ரா முதல் தடவையாக விம்மி அழுதாள்.

தெருவில் திரும்பும்போது அசர் தொழுகை முடிந்துவிட்டது. சந்தூக்கு வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. ஆண்கள் தோளில் அது எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. கார் நிற்பதற்குள் நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டேன். மூட்டுவலிக் காலோடு நடுத்தெருவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"இப்ராஹிம்! பொண்ணு வந்துட்டா! எறக்குங்க!"

யாரோ ஒருவர், "வாசலத் தாண்டியாச்சே மதாம்" என்றார். "தாண்டினா என்ன? கபுறுக்கா போயிடுச்சு? என் தெருவுலதான் நிக்குது!" என்றேன். அவர்களைத் திட்ட எனக்கு என்ன உரிமை? ஒன்றும் இல்லை. ஆனாலும் கத்தினேன். முகம்மது இப்ராஹிம் கையைக் காட்டினார். சந்தூக்கின் நாலு காலும் ரோட்டில் பட்டன. அவரே குனிந்து மூடியை நீக்கி, முகத்துக்கு மேல் இருந்த வெள்ளைத் துணியை விலக்கினார். பெண் மையத்தின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று மற்ற ஆண்கள் எல்லாரும் திரும்பி நின்றுகொண்டார்கள்.

அஃப்ரா முட்டி போட்டாள். கண்ணீர் மையத்தின் மேல் விழக்கூடாது என்று முக்காட்டால் வாயையும் கண்ணையும் அழுத்திக்கொண்டு பார்த்தாள். "உம்மா, வந்துட்டேன்" என்றாள். அவள் அபாயாக் கையிலிருந்து ஒரு உளுந்துப் பொட்டு அந்த வெள்ளைத் துணியில் விழுந்தது. அதை ஒரு விரலால் மெதுவாக எடுத்துக்கொண்டாள். அதற்குள் நேரமாகிவிட்டது. துணியை மூடினார்கள். தூக்கினார்கள். கூட்டம் நகர்ந்தது.

பெண்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். அஃப்ராவும் நின்றாள். போகிற தோள்களைப் பார்த்தபடி, எங்கே போவது என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றாள். அப்போது சந்திரலேகா முன் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறு தங்கச்சி. உள்ள போவ வேண்டாம். கபுறுஸ்தான் கேட்டு வரைக்கும் ரோடு இருக்குல்ல? ரோடு எல்லாருக்கும் பொது."

அஃப்ரா மாமுவைப் பார்த்தாள். கூட்டத்தின் கடைசியில் போன இப்ராஹிம் திரும்பிப் பார்த்தார். யாரோ அவர் காதில் ஏதோ சொன்னார்கள். "வரட்டும்" என்றார். நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

சந்தூக்குக்குப் பின்னால், மனுஷர்கள் நடக்கிற வேகத்தில், அந்தக் கார் போனது. இப்படி ஊர்ந்து போவதுதான் வண்டிக்குக் கஷ்டம், எதிர்க்காற்று இருக்காது, ஃபேன் ஒன்றுதான் கதி என்று அதற்கு முன்பு ஒருமுறை சந்திரலேகா சொல்லியிருக்கிறாள். எனக்கு அது ஞாபகம் வந்ததும் முன்னால் எட்டிப் பார்த்தேன். அவள் வெறுங்கால் பெடலின் மேல், தாரில் ஓடிப் பொத்துப்போய், கொப்புளத்தோடு இருந்தது. அவள் கண் சந்தூக்கின் மேல் ஒரு தடவை, முள்ளின் மேல் ஒரு தடவை போய்ப்போய் வந்தது. அஃப்ரா ஜன்னலுக்கு வெளியே கையைப் போட்டிருந்தாள்.

பள்ளிவாசலில் மையத்துக்கான ஜனாஸாத் தொழுகை முடியும் வரைக்கும் இன்ஜினை அணைக்காமல் தெருவில் நின்றோம். பிறகு மறுபடி ஊர்ந்தோம். கபுறுஸ்தான் கேட்டுக்குள் உம்மா போனதை அஃப்ரா காரில் உட்கார்ந்தபடியே கடைசிவரை பார்த்தாள். அவ்வளவு நேரமும் முள் பாதியிலேயே நின்றது.